மெல்லிய கைப்பிடியும் பறக்கும் மரத்துண்டும்: பேஸ்பால் மட்டை உடைப்புகள், ஒரு நிகழ்வு ஆய்வு

2010 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. மயாமியில் சிகாகோ கப்ஸுக்கும் ஃபுளோரிடா மார்லின்ஸுக்கும் ஆட்டம். கப்ஸ் வீரர் டைலர் கோல்வின், ரன் எடுக்க ஓடும் வழியில் கடைசி நிறுத்தமான மூன்றாம் பேஸில் நிற்கிறார். வயது 25. அந்தப் பருவத்தில் 20 ஹோம் ரன், அதாவது பந்தை நேராக எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி, அடித்திருந்தார். அவருடைய அணியின் வெலிங்டன் காஸ்டியோ அடித்த பந்து வெளி மைதானத்தை நோக்கிப் பறந்தது. கோல்வின் ஓடத் தொடங்கியபடியே பந்து எங்கே விழுகிறது என்று பார்த்தார். அந்த நிலையில் இருக்கும் எந்த ஓட்டக்காரரும் அதைத்தான் பார்ப்பார்.

காஸ்டியோவின் கையில் இருந்தது மேப்பிள் மரத்தில் செய்த மட்டை. பந்து பட்ட வேகத்தில் அது இரண்டாகப் போய்விட்டது. கூராகப் பிளந்த துண்டு ஒன்று மூன்றாம் பேஸ் பக்கம் பறந்து கோல்வினின் நெஞ்சில், இடப்பக்கம் மேலே குத்தியது. அவர் நிற்கவில்லை, ஓடி முடித்து ரன்னும் எடுத்தார். அப்புறம்தான் மருத்துவமனை. நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று புகுந்திருந்ததால், நுரையீரல் சுருங்கிவிடாமல் இருக்கக் குழாய் செருகினார்கள். அந்தப் பருவம் அவருக்கு அத்துடன் முடிந்தது.

இதை ஒரு தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. இப்படி ஒன்று நடக்கலாம் என்று இரண்டு ஆண்டுகளாகவே தெரியும். அதைத் தடுக்க விதிகள் எழுதி, நடைமுறைக்குக் கொண்டுவந்து, அவை வேலை செய்யவும் தொடங்கிய பிறகுதான் கோல்வினுக்கு அடிபட்டது. அதனால்தான் இதை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு மட்டை ஏன் உடைகிறது என்று கேட்டால் பதில் மரத்தில் இருக்கிறது. உடையக்கூடிய அளவுக்கு மெல்லியதாக ஏன் செதுக்குகிறார்கள் என்று கேட்டால் பதில் வேறு இடத்தில் இருக்கிறது.

முன்னே நடந்தவை

2008 ஏப்ரல் 15, லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் மைதானம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பேட்டிங் பயிற்சியாளர் டான் லாங், வீரர்கள் அமரும் இடத்தில் இருந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேட் மெக்லவுத்தின் மேப்பிள் மட்டை உடைந்து, ஒரு துண்டு பறந்து வந்து அவருடைய இடது கன்னத்தைக் கிழித்தது. அவரும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து, அதே மைதானம். கொலராடோ ராக்கீஸ் வீரர் டாட் ஹெல்டனின் மட்டை உடைந்து அதன் தடித்த பகுதி ரசிகர்கள் பக்கம் பாய்ந்தது. முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகத்தில் பட்டு, தாடை எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. ஜூன் 24 அன்று கான்சாஸ் சிட்டியில் மிகேல் ஒலிவோவின் மட்டைத் துண்டு பட்டு, அம்பயர் பிரையன் ஓனோராவின் நெற்றி கிழிந்தது. மூன்று மாதத்துக்குள் ஒரு பயிற்சியாளர், ஒரு ரசிகை, ஒரு அம்பயர்.

இந்தப் பட்டியலில் பேட்டர் ஒருவர்கூட இல்லை. கோல்வினைச் சேர்த்தாலும் இல்லை. மட்டையைப் பிடித்திருப்பவரின் கையில் மிஞ்சுவது ஒரு கட்டை மட்டும். மீதி வேறு யாரையாவது தேடிப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மெல்லிய கைப்பிடி ஏன் இத்தனை காலம் நீடித்தது என்பது புரியத் தொடங்கும்.

தராசுக்கும் கைக்கும் நடுவே

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட் மட்டை இரண்டு பொருள். அலகு வில்லோ மரம். அதில் ஆப்பு போலச் செருகி ஒட்டிய கைப்பிடி பிரம்பு. அதிர்வைப் பிரம்பும் நடுவில் வைக்கும் ரப்பரும் வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலில் இதற்கு இடமில்லை. மட்டை ஒரே மரத்தில், ஒரே துண்டாக, உருண்டையாக இருக்க வேண்டும். நீளம் 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மிகத் தடித்த இடத்தில் விட்டம் முன்பு 2.75 அங்குலம் வரை போகலாம், இப்போது 2.61 அங்குலம்தான், அதாவது 66 மில்லிமீட்டர். விதிப்புத்தகம் மேல்வரம்பைத்தான் சொல்கிறது. கைப்பிடி எவ்வளவு மெலியலாம் என்பதை அது பேசுவதே இல்லை. அது மட்டை தயாரிப்பாளர்களுக்கான தனி நிபந்தனைகளில் இருக்கிறது.

மேலே தடித்திருக்கும் பகுதியைப் பேரல் என்பார்கள். பந்து படவேண்டிய இடம் அதுதான். அது பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் எந்த பேட்டரும் விரும்புவார். ஆனால் மட்டை மொத்தமும் ஏறத்தாழ 31, 32 அவுன்ஸுக்குள், அதாவது 900 கிராம் அளவில் அடங்க வேண்டும் என்றும் விரும்புவார். அதைவிடக் கனமானால், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு மட்டையைச் சமயத்தில் கொண்டுவர முடியாது. இரண்டு ஆசையும் நிறைவேற வேண்டுமானால் மரத்தை வேறு எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். கைப்பிடியை விட்டால் வேறு இடம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் 1 அங்குலம் என்றால், மேப்பிளில் அதன் எடை சுமார் 103 கிராம். அதையே 7/8 அங்குலத்துக்கு இழைத்தால் 79 கிராம் ஆகிவிடும். மிச்சம் 24 கிராம். அந்த 24 கிராமைக் கொண்டுபோய்ப் பேரலில் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சேர்த்தால், 2.5 அங்குலமாக இருந்த பேரல் கிட்டத்தட்ட 2.6 அங்குலம் ஆகிறது. தராசில் வைத்தால் இரண்டு மட்டையும் ஒரே எடைதான். ஆனால் ஒன்றில் பந்து படும் இடம் அகலமாகவும் கனமாகவும் இருக்கிறது. மெல்லிய கைப்பிடியின் ரகசியம் பெரும்பாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

இதில் ஒரு தவறான எண்ணமும் உண்டு. கைப்பிடியை மெலிய வைத்தால் மட்டையை வேகமாகச் சுழற்றலாம் என்று பலர் நம்புகிறார்கள். சுழற்றும்போது கை உணரும் பாரம் வேறு, தராசு காட்டும் எடை வேறு. கைக்குப் பக்கத்தில் இருக்கும் மரம் சுழற்சிக்கு அவ்வளவாகப் பாரம் ஆவதில்லை. தொலைவில் இருக்கும் மரம்தான் இழுக்கும். சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே கைப்பிடியில் எடுத்த 24 கிராம் தனியாக வேகத்தைப் பெரிதாகக் கூட்டாது. அதைப் பேரலில் சேர்த்தால் சுழற்றுவது கொஞ்சம் கடினமாகவே ஆகும். பேட்டருக்குக் கிடைப்பது வேகம் அல்ல, அடிக்கும் இடத்தில் கூடுதல் மரம். அத்தோடு விரல்கள் நன்றாகச் சுற்றிப் பிடிக்கும் சௌகரியம். சின்னக் கை உள்ளவர்களுக்கு இது சும்மா சொல்லும் காரணம் அல்ல.

அதற்கு ஹெய்னி குரோ நல்ல உதாரணம். 1910களிலும் 20களிலும் சின்சினாட்டி ரெட்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிகளில் மூன்றாம் பேஸ் காத்தவர். உள்ளங்கை சிறியது, ஆனால் கனமான மட்டை வேண்டும். பேரலை அப்படியே விட்டுவிட்டுக் கைப்பிடியை மட்டும் செதுக்கிச் செதுக்கி மெலிய வைத்தார்கள். கடைசியில் அது பால் புட்டி போல் ஆகிவிட்டது. அதற்கு ‘பாட்டில் பேட்’ என்றே பெயர் விழுந்தது. சாம்பியனைத் தீர்மானிக்கும் 1922 உலகத் தொடரில் குரோவின் சராசரி .474, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 474 ஹிட் என்ற வீதம்; பந்தை அடித்துப் பத்திரமாக ஒரு பேஸையாவது எட்டினால் அது ஹிட்.

1920களின் பெரும் நட்சத்திரமான பேப் ரூத் காலத்தில் 40 அவுன்ஸுக்கு மேற்பட்ட மட்டைகள் சர்வசாதாரணம். 1950களில் கதை மாறியது. சிகாகோ கப்ஸின் எர்னி பேங்க்ஸ் ஒல்லியான மனிதர், மணிக்கட்டு மட்டும் வேகம். அவர் 31 அவுன்ஸ் மட்டையை வைத்துக்கொண்டு 1955இல் 44 ஹோம் ரன் அடித்தார். கனமான மட்டைதான் பந்தைத் தூரம் அனுப்பும் என்ற நம்பிக்கை அசைந்தது. லேசான மட்டை, பெரிய பேரல், மெலிந்த கைப்பிடி என்ற வடிவம் மெல்ல மெல்லப் பொதுவழக்கம் ஆனது.

கைப்பிடி பந்துக்குத் தெரியாது

இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்த்தது இந்த இடம்தான். பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு விநாடிக்கும் குறைவு. பேரலில் அடி விழுந்ததும் மட்டை முழுக்க ஓர் அலை ஓடுகிறது. அது கைப்பிடி வரை போய், அதன் அடியில் உள்ள குமிழில் மோதித் திரும்பி வருவதற்குள் பந்து மட்டையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. இலினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நேதன் பல ஆண்டுகளாக இதை விளக்கிவருகிறார். கைப்பிடி தடிமனா மெலிசா, இறுகப் பிடித்தாரா தளரப் பிடித்தாரா என்பதெல்லாம் மோதல் நடக்கும் அந்தக் கணத்தில் பந்துக்குத் தெரியாது.

நம்பச் சிரமமாக இருந்தால் 2012 மே மாதம் சின்சினாட்டியில் டாட் ஃப்ரேசியர் அடித்த ஹோம் ரன்னைப் பார்க்கலாம். ஜேமி மொயர் வீசிய பந்து. ஃப்ரேசியர் எட்டி அடித்தபோது மட்டை கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. பிடித்திருந்த கையே இல்லாமல் மட்டை மோதியது. பந்து எல்லையைத் தாண்டிப் போனது.

கைப்பிடி சாட்டை போல் வளைந்து பந்தை உதைத்துத் தள்ளுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. இந்த நேரக்கணக்கின்படி அதற்கு வாய்ப்பில்லை. வளைந்து திரும்புவதற்குள் பந்து போயிருக்கும்.

ஆக, கைப்பிடியை மெலிய வைப்பதால் அடியின் பலம் குறைவதில்லை. மரத்தைப் பேரலுக்கு மாற்றிக்கொள்ளலாம். பிடிக்கவும் சுகம். பேட்டரின் பக்கம் நின்று பார்த்தால் லாபம் மட்டும்தான் தெரிகிறது.

நஷ்டம் எங்கே இருக்கிறது? பந்து பேரலில் படாதபோது. கைக்குப் பக்கத்தில் பட்டாலோ நுனியில் பட்டாலோ மட்டை வில் போல வளைகிறது. வளைவைத் தாங்க வேண்டிய இடம் மெலிந்த கழுத்துப்பகுதி. உருண்டைக் கம்பு ஒன்றின் எடை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முறியாமல் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. விறைப்பு நான்மடியைப் பொறுத்தது. 1 அங்குலக் கைப்பிடியை 7/8 ஆக்கினால் அந்தப் பகுதியில் எடை 23 சதவீதம் குறைகிறது, வலு 33 சதவீதம் குறைகிறது, விறைப்பு 41 சதவீதம் குறைகிறது. எடையில் நாம் பெறுவதைவிட வலுவில் இழப்பது எப்போதுமே அதிகம். மிஞ்சியிருக்கும் வலுவில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் முந்தியதைவிடப் பெரிய பங்கைக் கேட்கும்.

இந்தப் பலவீனத்தை வைத்தே பெயர் வாங்கிய பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஒருவர் உண்டு. நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா. அவருடைய ‘கட்டர்’ பந்து கடைசி நொடியில் இடக்கை பேட்டரின் கையை நோக்கி உள்ளே திரும்பும், பேரலில் படவேண்டிய பந்து கழுத்தில் படும், மட்டை முறியும். 2013இல் அவர் ஓய்வுபெறப் போகும் பருவத்தில் மினசோட்டா ட்வின்ஸ் அணி அவருக்கு ஓர் ஆடும் நாற்காலியைப் பரிசளித்தது. முழுக்க முழுக்க உடைந்த மட்டைகளால் செய்தது.

மேப்பிள் வந்த கதை

மெல்லிய கைப்பிடி குரோ காலத்திலிருந்தே இருக்கிறது என்றால், 2008இல் மட்டும் ஏன் இத்தனை காயங்கள்? மரம் மாறியிருந்தது.

அதுவரை மேஜர் லீக் மட்டை என்றால் ஆஷ் மரம்தான். 1990களின் நடுவில், ஒட்டாவாவில் சாம் ஹோல்மன் என்ற தச்சரிடம் பேஸ்பால் துறையில் இருந்த நண்பர் ஒருவர், ஆஷ் மட்டைகள் ஓயாமல் உடைகின்றன, இதற்கு ஏதாவது செய்யக் கூடாதா என்று கேட்டார். ஹோல்மன் மேப்பிளில் செய்து பார்த்தார். டொரான்டோ புளூ ஜேஸின் ஜோ கார்ட்டர் அதை வாங்கி அடித்துப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. பிறகு பாரி பாண்ட்ஸ் அந்த மட்டைக்கு மாறினார். 2001இல் 73 ஹோம் ரன் அடித்து, ஒரே பருவத்தில் அதிக ஹோம் ரன் என்ற சாதனையைப் படைத்தார். அதற்குப் பிறகு விளம்பரம் தேவைப்படவில்லை. உடையாத மட்டை வேண்டும் என்று தொடங்கிய தேடல், பறந்து போய்க் குத்தும் மட்டையில் வந்து நின்றதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஹோல்மன் மேல் தவறு இல்லை. மேப்பிள் நல்ல மரம். கெட்டியானது, ஆஷ் போல அடி வாங்க வாங்கச் செதில் செதிலாகப் பெயராது.

ஆனால் இரண்டும் உடையும் விதம் வேறு. ஆஷ் மரத்தில் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். அந்த வரிசைகள் கோடுகளாகக் கண்ணுக்குத் தெரியும். அடி அதிகமானால் வளையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், விரிசல் விடும். ஆனாலும் பெரும்பாலும் நார்கள் பிடித்துக்கொண்டு தொங்கும். மேப்பிளில் துளைகள் மிகச் சிறியவை, எங்கும் சீராகச் சிதறிக் கிடப்பவை. விரிசல் ஓடத் தொடங்கினால் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. ஒரே வெட்டாகப் போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. துளை வரிசை தெரியாததால், நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று மேப்பிளில் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். இந்த வழக்கின் முடிச்சு அங்கேதான் இருந்தது.

2,232 மட்டைகள்

காயங்கள் பெருகியதும் லீக் நிர்வாகமும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து ஆய்வுக்கு ஏற்பாடு செய்தன. 2008 ஜூலை 2 முதல் செப்டம்பர் 7 வரை மேஜர் லீக் ஆட்டங்களில் உடைந்த மட்டைகளை எல்லாம் சேகரித்தார்கள். மொத்தம் 2,232. அவற்றில் 756 மட்டைகள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளாகப் போயிருந்தன. அதாவது மூன்றில் ஒன்று. விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில் உள்ள அமெரிக்க வனத்துறையின் மரப்பொருள் ஆய்வகம் இதில் முக்கியப் பங்கு வகித்தது. டேவிட் கிரெட்ச்மன் என்ற பொறியாளர் இந்த வேலையில் முன்னின்றார். உடைந்த மட்டைகளோடு நிற்காமல், அவை உடைந்த காணொளிகளையும் பார்த்தார்கள்.

கண்டது இது: ஆஷைவிட மேப்பிள் மட்டை பல துண்டாக உடையும் வாய்ப்பு மூன்று மடங்கு. அதற்கு முதல் காரணம் மேப்பிள் என்ற மரம் அல்ல, அந்த மட்டைகளில் நார் சாய்ந்து ஓடியது.

விறகு பிளந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடாலி நார் வழியே இறங்கினால் கட்டை ஒரே அடியில் பிளக்கும். குறுக்கே வெட்டினால் மல்லுக்கட்ட வேண்டும். மண்வெட்டிக்குக் காம்பு தேடுகிறவரும் நார் நேராக ஓடும் கம்பாகப் பார்த்துத்தான் எடுப்பார். நார் மட்டையின் நீளத்துக்கு இணையாக ஓடினால், வளைக்கும்போது நார்களையே அறுத்தாக வேண்டும். நார் சாய்ந்து ஓடி மட்டையின் பக்கவாட்டில் வெளியே வந்துவிட்டால், நார்களுக்கு நடுவே பிரித்தாலே போதும். அந்தப் பிளவு எப்போதும் சரிவாக, ஈட்டி முனை போல முடியும். கோல்வினைக் குத்தியது அப்படிப்பட்ட கூர்தான்.

எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு போகும் என்பதற்கு அதே ஆய்வகம் வெளியிடும் மரக் கையேட்டில் அட்டவணை இருக்கிறது. 20 அங்குல நீளத்தில் நார் 1 அங்குலம் விலகினால், அதாவது சுமார் 3 டிகிரி, திடீர் அடியைத் தாங்கும் திறன் 10 சதவீதம் குறைகிறது. 10 அங்குலத்தில் 1 அங்குலம் விலகினால் 38 சதவீதம் போய்விடுகிறது. 5 அங்குலத்தில் 1 அங்குலம் என்றால் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இப்போது இதை முன்னால் போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். கைப்பிடியை மெலிய வைத்ததில் மூன்றில் ஒரு பங்கு வலு ஏற்கெனவே போயிருக்கிறது. அதன்மேல் நார் சாய்வு. ஒரு 5, 6 டிகிரிச் சாய்வு தடித்த கைப்பிடியில் விரிசலோடு நின்றிருக்கலாம். மெலிந்த கைப்பிடியில் அது மட்டையை இரண்டாக்கிவிடுகிறது.

மூன்றாவது காரணம் அடர்த்தி. பெரிய பேரலும் வேண்டும், எடையும் குறைய வேண்டும் என்றால் கைப்பிடியை இழைப்பது மட்டும் போதாது. மரமே லேசானதாக இருக்க வேண்டும். அடர்த்தி குறைந்த மேப்பிள் வலுவும் குறைந்தது. மெலிந்த கைப்பிடியைக் கேட்கும் அதே ஆசைதான் லேசான மரத்தையும் கேட்கிறது. பலவீனங்கள் தனித்தனியாக வரவில்லை, ஒரே மட்டையில் கூடித்தான் வந்தன.

என்ன மாற்றினார்கள்

2009 பருவத்திலிருந்து வந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மைப்புள்ளி. மேப்பிளில் நார் கண்ணுக்குத் தெரியாது என்றேன் அல்லவா? கைப்பிடியில், அடிக்குமிழிலிருந்து 12 அங்குல உயரத்தில், சிறு மைத்துளி ஒன்றை வைக்கிறார்கள். மை மரத்தின் நுண்குழாய்கள் வழியே நார் ஓடும் திசையில் கசிந்து ஒரு கோடாக நீளும். மட்டையின் நீளத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள கோணத்தை அளந்தால் போதும். 3 டிகிரிக்குள் இருந்தால் சரி. தாண்டினால் மட்டை கழிபடும். ஒரு சொட்டு மை, ஒரு கோணமானி. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், மரத்தையே பேச வைத்துவிட்டார்கள்.

அடுத்தது, அடிக்கும் பக்கத்தை மாற்றியது. நிறுவனத்தின் முத்திரை மேலே பார்த்திருக்கும்படி மட்டையைப் பிடிப்பது நெடுநாள் வழக்கம். அப்படிப் பிடித்தால் பந்து வளையங்களின் ஓரம் தெரியும் பக்கத்தில் படும். ஆஷுக்கு அது சரி. மேப்பிளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கால் சுற்று திருப்பி அடித்தால்தான் வலு கூடுதல் என்று ஆய்வு காட்டியது. வீரர்களுக்குப் புதிதாகப் பாடம் நடத்தவில்லை. மேப்பிள் மட்டைகளில் முத்திரையைக் கால் சுற்றுத் தள்ளிப் பொறிக்கச் சொல்லிவிட்டார்கள். வீரர் பழக்கப்படி முத்திரையைப் பார்த்தே பிடிக்கிறார். மட்டை தானாகச் சரியான பக்கம் திரும்பிக்கொள்கிறது.

2010 பருவத்துக்கு அளவுகளிலும் கை வைத்தார்கள். பேரலின் மேல்வரம்பு 2.75 அங்குலத்திலிருந்து 2.61க்கு இறங்கியது. கைப்பிடியின் குறைந்தபட்ச அளவு 1/50 அங்குலம் கூட்டப்பட்டது. அரை மில்லிமீட்டர்தான். ஆனால் மும்மடிக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. 0.90 அங்குலக் கைப்பிடி 0.92 ஆனால் வலு சுமார் 7 சதவீதம் கூடும். பின்னர் வந்த ஒப்பந்தத்தின்படி, 2011 பருவத்துக்குப் பிறகு மேஜர் லீக்குக்கு வரும் புதியவர்கள் அடர்த்தி குறைந்த மேப்பிளைப் பயன்படுத்த முடியாது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு விலக்கு.

2013இல் வனத்துறை வெளியிட்ட கணக்குப்படி, மேப்பிள் மட்டைகள் பல துண்டாக உடைவது 2008ஐவிடப் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒரு விளையாட்டின் வடிவத்தையே மாற்றாமல் இதைச் சாதித்தது பெரிய காரியம்.

ஆனால் பாதி இன்னும் இருந்தது. கோல்வினுக்கு அடிபட்டது மைப்புள்ளி வந்த பிறகு. 2015 ஜூன் 5 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் பிரெட் லாரியின் மட்டை உடைந்து, ரசிகை ஒருவர் உயிருக்குப் போராடும் அளவுக்குக் காயப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில், பாதுகாப்பு வலையை வீரர்கள் அமரும் இடம் வரை நீட்டும்படி லீக் பரிந்துரைத்தது. 2018 பருவத்துக்குள் 30 மைதானங்களிலும் வலை வந்துவிட்டது. அந்த வலையைப் பார்வைக்கு இடைஞ்சல் என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஒருபோதும் ஏற்புடையதாக இல்லை. மைதானத்துக்கு வருகிறவர் பந்தைப் பார்க்கத்தான் வருகிறார். பந்து ஒரு பக்கமும் மரத்துண்டு இன்னொரு பக்கமும் பறந்தால் அவர் எதைப் பார்ப்பார்?

கையில் இருப்பவரும் எதிரில் இருப்பவரும்

எல்லா மாற்றங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். மரத்தின் தரத்தில் கறாராக இருந்தார்கள். முத்திரையை நகர்த்தினார்கள். வலை கட்டினார்கள். கைப்பிடிக்கு மட்டும் அரை மில்லிமீட்டர். காரணம் எளிது: வீரருக்குத் தன் மட்டையின் வடிவம் உடம்பின் ஓர் உறுப்பு மாதிரி. லூயிவில் ஸ்லக்கர் நிறுவனத்தில் மட்டை வடிவங்களுக்கு வீரர்களின் பெயரையொட்டி எண் கொடுப்பார்கள். ஹோசே கார்டெனலுக்காகச் செய்த சி271 வடிவத்தைத்தான் பல ஆண்டுகள் கழித்துக் கென் கிரிஃபி ஜூனியர் வைத்து ஆடினார். ஒருவர் கைக்கு அமைந்த கைப்பிடி தலைமுறை தாண்டிப் போகிறது. அதைத் தடிமனாக்கு என்று சொன்னால் சண்டைதான் வரும்.

வீரர்களின் பிடிவாதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மட்டையைத் தெரிந்துகொண்டு மெலிய வைப்பவர்களும் உண்டு. ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோ சுசூகியின் மட்டை கைப்பிடியில் மட்டுமல்ல, பேரலிலும் மெல்லியது. ஏறத்தாழ 61 மில்லிமீட்டர். ஷினோஸுகா என்ற மூத்த வீரரின் மட்டையை மாதிரியாகக் கொண்டு, மிஸுனோ நிறுவனத்தின் கைவினைஞர் இஸோகஸு குபோடா, ஹொக்கைடோவின் ஆவோடாமோ மரத்தில் அதைச் செய்து கொடுத்தார். பெரிய பேரல் இருந்தால் தப்பான அடியும் ஓடிவிடும். இச்சிரோவுக்கு அந்தச் சலுகை தேவைப்படவில்லை. பந்தை மட்டையின் சரியான புள்ளியில் வாங்குவதே அவருடைய ஆட்டம். 2004இல் ஒரே பருவத்தில் 262 ஹிட் அடித்து, 1920இல் ஜார்ஜ் சிஸ்லர் வைத்த 257 என்ற சாதனையை அவர் முறியடித்தார். மட்டைகளை ஈரம் படாத பெட்டியில் வைத்துப் பாதுகாத்தவர். பேரலும் சிறியதாக இருந்ததால், எடையைக் குறைக்க அடர்த்தி குறைந்த மரத்தைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. மெல்லிய மட்டை தன்னளவில் ஆபத்தானது அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பெரிய பேரலையும் குறைந்த எடையையும் ஒருசேரக் கேட்டு, அதற்கான விலையைக் கைப்பிடியின் தலையில் கட்டுவதில்தான் ஆபத்து.

நான் குறை சொல்வது அந்த விலை யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைத்தான். மெலிந்த கைப்பிடியின் லாபம் முழுவதும் பேட்டருக்கு. உடைந்தால் அவர் வேறு மட்டை எடுத்துக்கொள்வார். பருவத்துக்கு டஜன் கணக்கில் வைத்திருக்கிறார். காயம் மூன்றாம் பேஸில் நிற்பவருக்கு, பயிற்சியாளருக்கு, டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கு. காயப்படுகிறவருக்கு அந்தக் கைப்பிடியின் தடிமனைத் தீர்மானிப்பதில் எந்தப் பங்கும் இல்லை. அவர்கள் சார்பில் ஒப்பந்தத்தில் யாராவது பேசியிருந்தால், 1/50 அங்குலம் 1/25 ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அளவுக்குப் பேட்டர் இழப்பது பேரலில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

இதற்கிடையே ஆஷ் மரமே அருகிவருகிறது. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிற வண்டு ஒன்றை 2002இல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள். அது வட அமெரிக்காவின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்திருக்கிறது. விரும்பினாலும் பழைய மரத்துக்குத் திரும்பிப் போவது இனிக் கடினம். இன்றைய மட்டைகளில் பெரும்பாலானவை மேப்பிள், கொஞ்சம் பிர்ச். மைப்புள்ளி அவற்றின் கைப்பிடியில் இருக்கிறது. தொலைக்காட்சியில் பேட்டரை நெருக்கமாகக் காட்டும்போது கண்ணில் படும்.

2025 மார்ச்சில் யாங்கீஸ் அணி ஒரே ஆட்டத்தில் ஒன்பது ஹோம் ரன் அடித்தபோது ‘டார்ப்பிடோ’ மட்டை பற்றி எல்லோரும் பேசினார்கள். நுனியில் இருந்த மரத்தை எடுத்து, அந்த பேட்டர் வழக்கமாகப் பந்தை வாங்கும் இடத்தில் சேர்த்த வடிவம் அது. இயற்பியல் படித்த ஆரன் லீன்ஹார்ட் யோசித்தது. விதிக்குள் அடங்குகிறது. அதே 900 கிராமை எங்கே வைப்பது என்ற பழைய கணக்குத்தான்; இந்தத் தடவை மரத்தை நுனியிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

கோல்வின் மறுவருடமே களத்துக்குத் திரும்பினார். 2012இல் ராக்கீஸ் அணிக்காக .290 சராசரியில் 18 ஹோம் ரன் அடித்தார்.